ஐந்து பேராக ஊதும் ஒருவர்

மூன்று நிமிடம் ஓடும் டிரம்பெட் தனி ஒன்று என் கணினியில் இருந்தது. நானே வாசித்து வீட்டிலேயே பதிந்தது. தாளத்துக்கு எதையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் மூச்சு போன போக்கில் வாசித்தது. அதற்குக் கீழே ஒரு பிராஸ் குழு மெல்ல எழுந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவசரத்தில் முதலில் செய்த வேலை, அதே ட்ராக்கை நகலெடுத்து நான்காக அடுக்கியது.

நான்கு பேர் வரவில்லை. ஒரே டிரம்பெட் 12 டெசிபல் உரக்கக் கேட்டது. அச்சாக ஒன்றுபோல் இருக்கும் அலைகளைக் கூட்டினால் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தி வீச்சு நான்கு மடங்காகும், அவ்வளவுதான். சரி, சற்றே தள்ளி வைத்துப் பார்ப்போம் என்று இரண்டு நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றை ஒரு மில்லிநொடி பின்னுக்கு இழுத்தேன். இன்னும் மோசமானது. 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மில்லிநொடி என்பது சரியாக அரை அலை. ஒன்றின் மேடு வரும் நேரத்தில் மற்றதன் பள்ளம் வந்து அதை அழித்துவிடும். 1500, 2500 ஹெர்ட்ஸிலும் இதே கதி. 494 ஹெர்ட்ஸில் இருக்கும் ‘பி’ சுரத்தை வாசித்த இடங்களில் அதன் அடிப்படை அதிர்வு ஏறத்தாழக் காணாமல் போய், அதற்கு மேலே உள்ள இரட்டிப்பு அதிர்வு மட்டும் ஓங்கி நின்றது. தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து யாரோ வாசிப்பது போன்ற ஓசை. ஒலிப்பதிவுக்காரர்கள் இதைச் சீப்பு வடிகட்டி என்கிறார்கள். அதிர்வெண் வரைபடத்தில் பள்ளங்கள் சீப்பின் பற்களைப் போல ஒரே இடைவெளியில் விழுவதால் வந்த பெயர்.

பிறகுதான் கருவியை எடுத்து அதே மெட்டை மறுபடி வாசித்துப் பதிந்தேன். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டபோது, முதல் வரியிலேயே இரண்டு பேர் அறைக்குள் நின்றார்கள்.

ஏன் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே பதில் சொல்லும். ஒரு பதிவில் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸிலும் மற்றதில் 441.5 ஹெர்ட்ஸிலும் நின்றால், நொடிக்கு ஒன்றரை முறை ஒலி ஏறி இறங்கும். இசைக்கவைகளைத் தட்டிப் பார்த்துப் படித்த விம்மல் இதுதான். இசைக்கவை அசையாமல் ஒரே அதிர்வெண்ணில் நிற்கும், உதடு நிற்காது. இரண்டு பதிவுகளின் இடைவெளி கணத்துக்குக் கணம் மாறும். அதனால் விம்மலின் வேகமும் மாறும். அடிப்படை அதிர்வின் மடங்குகளான மேற்சுரங்களில் அது இன்னும் விரைவாக நடக்கும். இந்த ஒழுங்கில்லாத மினுமினுப்பைத்தான் நம் காது ‘பலர்’ என்று அறிந்துகொள்கிறது. தொடர்பில்லாத நான்கு ஒலிகளைக் கூட்டினால் சராசரியாக 6 டெசிபல்தான் ஏறும், நகல்களில் ஏறிய 12 ஏறாது. சில கணங்களில் அலைகள் ஒன்றையொன்று தாங்கும், சில கணங்களில் ஒன்றையொன்று தின்னும். அந்த இழப்பில்தான் கூட்டிசையின் நிறம் இருக்கிறது.

ஆனால் ஒருவரே ஐந்து பேராக ஊதும்போது ஒரு சங்கடம் வருகிறது. ஐந்து பேர் செய்யும் பிழைகள் ஐந்து திசைகளில் போய்ச் சராசரியில் கரைந்துவிடும். ஒரே ஆள் ஐந்து முறை செய்யும் பிழைகளோ ஒரே திசையில் போகும். வீட்டில் பிராஸ் அடுக்குகிறவர் படும் பாடெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

இந்த ஆசை பழையது. 1941இல் சிட்னி பெஷே என்ற ஜாஸ் மேதை, ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக ஆறு கருவிகளை ஒருவராகவே வாசித்து ஒரு பாடலைப் பதிந்தார்: கிளாரினெட், சொப்ரானோ சாக்ஸ், டெனர் சாக்ஸ், பியானோ, பாஸ், டிரம்ஸ். அப்போது நாடா கிடையாது, இசைத்தட்டுதான். முன்பு பதிந்த தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் புதுத் தட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய ஒலி ஒரு படி மங்கும், இரைச்சல் ஒரு படி ஏறும். 1948இல் வெளிவந்த ‘லவர்’ என்ற பதிவில் கிதார் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டில் இதே முறையில் எட்டு கிதார்களை அடுக்கினார். முதலில் பதிந்தது அதிக முறை நகலாகி அதிகம் தேயும் என்பதால், முக்கியம் குறைந்த பகுதிகளை முதலில் வாசித்து, முதன்மைப் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

நாடா வந்தபின் வேறொரு தொல்லை முளைத்தது. நாடா இயந்திரத்தில் பதியும் தலை ஓரிடத்திலும், அதைத் தாண்டி, கேட்கும் தலை வேறிடத்திலும் இருக்கும். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இரண்டு தலைகளுக்கும் இடையே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கேட்டு வாசிப்பது பத்தில் ஒரு நொடி தள்ளிப் பதியும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் ராஸ் ஸ்னைடர் கண்ட தீர்வு எளிமையானது: பழைய ட்ராக்கை, பதியும் தலையைக் கொண்டே கேட்கச் செய்வது. கேட்கும் ஒலியின் தரம் சற்றுக் குறையும், நேரம் பிசகாது. அந்த வசதி கொண்ட எட்டு ட்ராக் இயந்திரம் 1957இல் லெஸ் பாலின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

இன்றைய கணினியிலும் அந்த இடைவெளி வேறு உருவில் இருக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கணினி, 512 மாதிரிகள் சேர்ந்தபிறகே அவற்றைக் கையில் எடுக்கிறது என்றால், அங்கேயே 10.7 மில்லிநொடி போய்விட்டது. திரும்பி வெளியே வர இன்னொரு பங்கு. மென்பொருள் இதைத் தானே கணக்கிட்டுப் பதிவை முன்னுக்கு நகர்த்தும். ஆனாலும் சோதிக்காமல் நம்பக்கூடாது. ஒலி வெளிவரும் துளையிலிருந்து உள்ளே போகும் துளைக்கு ஒரு கேபிளை மாட்டி, ஒரு ‘டிக்’ ஒலியை அனுப்பித் திரும்பப் பதிந்தால், எவ்வளவு பிசகுகிறது என்று திரையிலேயே தெரிந்துவிடும். பிராஸ் வாசிப்பவருக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. மின்கிதார்க்காரரைப் போல அவர் தன் ஒலியைக் கணினி வழியாகக் கேட்க வேண்டியதில்லை. காற்று வழியாகவும் தாடை எலும்பு வழியாகவும் அது உடனே வந்துவிடுகிறது. ஹெட்போனில் பழைய ட்ராக்குகளை மட்டும் விட்டு, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். இரண்டு காதையும் மூடினால் எலும்பு வழி வரும் முழக்கம் மிகுந்து, சுருதி கைநழுவும்.

நேரப் பிசகுக்குக் கருவியே காரணமாகும் இடமும் இருக்கிறது. சங்கு, கொம்பு, எக்காளம், டிரம்பெட் எல்லாம் ஒரே குடும்பம். ஒலியைப் பிறப்பிப்பது உதடு. உதடு துடித்து அனுப்பும் அழுத்த அலை குழலின் மறுமுனை வரை போய், வாய் அகன்ற மணியில் ஒரு பங்கு வெளியேறி, மீதி திரும்பி வந்து உதட்டைத் தாங்கும். அப்படித் திரும்பி வரும் அலைதான் சுரத்தை நிலைநிறுத்துகிறது. டிரம்பெட்டின் குழல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அலை போய் வர 9 மில்லிநொடி ஆகும். டிராம்போனுக்கு 2.75 மீட்டர், 16 மில்லிநொடி. பெரிய டியூபாவுக்கு 5.5 மீட்டர், 32 மில்லிநொடி. அந்த முதல் அலை திரும்பும்வரை உதட்டுக்குக் குழலின் உதவி கிடையாது. இருட்டில் காலெடுத்து வைப்பதுபோல, சுரத்தை மனத்தில் கேட்டே தொடங்க வேண்டும். அதனால்தான் கீழ்ப்பகுதி வாசிப்பவர்கள் ஒரு நூலளவு முந்தித் தொடங்கப் பழகியிருக்கிறார்கள். டிரம்பெட்காரர் டிராம்போனைக் கையில் எடுத்தால் அவர் பதியும் கீழ்ச்சுரங்கள் எல்லாம் ஒன்றுபோல் பின்தங்கும். ஒன்றுபோல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சுருதி. இதில்தான் அதிக நாள் செலவழித்தேன்.

தம்புரா மீட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு அதிசயம் தெரியும். காந்தாரத்துக்கென்று தந்தியே இல்லாதபோதும், சட்ஜத் தந்தி நன்றாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம் தானே எழும். அது சட்ஜத்தின் ஐந்தாவது மேற்சுரம். இயற்கை தரும் அந்தக் காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் விகிதம் 5:4. பியானோவும் நம் கைப்பேசி டியூனரும் காட்டும் காந்தாரம் இதைவிட 14 சென்ட் கூடுதல். சென்ட் என்பது ஒரு அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. 14 என்பது தனியாக வாசிக்கும்போது யாரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால் கீழே டிராம்போன் சட்ஜமாக ‘சி’யை 261.6 ஹெர்ட்ஸில் நீட்டிப் பிடித்திருக்க, மேலே டிரம்பெட் காந்தாரமாக ‘இ’யை டியூனர் சொன்ன 329.6 ஹெர்ட்ஸில் வைத்தால் என்ன ஆகும்? சி-யின் ஐந்தாவது மேற்சுரம் 1308இலும், இ-யின் நான்காவது 1318.5இலும் நின்று நொடிக்குப் பத்து முறை மோதிக்கொள்ளும். பிராஸ் கருவிகளில் மேற்சுரங்கள் மிக வலுவானவை என்பதால் அந்த மோதல் கரகரப்பாகவே காதில் விழும். 14 சென்ட் இறக்கினால் கரகரப்பு அடங்கி, அறையில் விளக்கேற்றியதுபோல் அந்தச் சேர்க்கை ஒளிரும். நல்ல குழுவினர் இதை டியூனர் பார்க்காமல் காதாலேயே செய்கிறார்கள். ஒருவர் அசைய மற்றவர் இணங்குவார்.

பதிந்த தனியிசை இணங்காது. அது உறைந்து போனது. அதில் நான் என்றோ சற்று உயர்த்திப் பிடித்த சுரங்கள் அப்படியே இருக்கும். வளைந்து கொடுக்கும் பொறுப்பு முழுவதும் பின்னால் வரும் பகுதிகளின் தலையில் விழும். நான் முதலில் செய்த தவறு, ஒவ்வொரு புதுப் பகுதியையும் அதற்குச் சற்று முன் பதிந்த பகுதியோடு மட்டும் சேர்த்தது. முந்தையதற்கு இரண்டு சென்ட் கூட, அதற்கு மேல் இன்னொரு மூன்று என்று ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது பகுதி வரும்போது தனியிசையே சுருதி குறைந்ததாகத் தோன்றியது. இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். தனியிசைக்குக் கீழே முதலில் அடிச்சுரப் பகுதி மட்டும். பிறகு எதைப் பதிந்தாலும் ஹெட்போனில் ஓங்கிக் கேட்பவை அந்த இரண்டும்தான். நடுவில் உள்ளவை மெலிதாக ஒலிக்கும்.

சென்னை வெயிலில் சுருதிக்கு இன்னொரு பகை உண்டு. மின்விசிறியும் ஏசியும் மைக்கில் விழும் என்று இரண்டையும் நிறுத்திவிட்டுப் பதிகிறோம். அறை 24 டிகிரியிலிருந்து 30க்குப் போய்விடுகிறது. காற்று சூடானால் ஒலி விரைவாக ஓடும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட் சுருதி ஏறும். குழலுக்குள் இருக்கும் காற்றை நம் மூச்சும் சூடாக்குவதால் அறையின் ஏற்றம் முழுதாக அப்படியே பிரதிபலிக்காது. என்றாலும் மதியம் பதிந்ததும் இரவில் பதிந்ததும் ஒட்டாமல் நிற்க அது போதும். டிரம்பெட்டில் 10 சென்ட் இறக்க, சுருதிக் குழலை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் போதும். அதை எங்கே வைத்தோம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நான் அறை வெப்பநிலையையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

ஒலியின் அளவு பற்றிச் சொல்லாமல் முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் எல்லோரும் யோசிக்கும் வழி ஒன்றுதான்: மெல்ல வாசித்துப் பதிந்துவிட்டு, கணினியில் ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். அது நடக்காது. 1960களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளரும் இயற்பியலாளருமான ழான்-கிளோட் ரிஸ்ஸே டிரம்பெட் ஒலியைக் கணினியால் பகுத்துப் பார்த்தார். ஓங்கி ஊதும்போது எல்லா மேற்சுரங்களும் ஒரே அளவில் உயரவில்லை. உயர்ந்த மேற்சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. இந்த ஒரு விதியைச் சேர்த்த பிறகே கணினி உண்டாக்கிய ஒலி டிரம்பெட் போலக் கேட்டது. மெல்லிய வாசிப்பும் உரத்த வாசிப்பும் வேறு வேறு நிறங்கள். வெளிர் மஞ்சளை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிவப்பாகாது.

ஏன் அப்படி என்பதற்கு 1996இல் ஹிர்ஷ்பெர்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு பெரிய காரணத்தைக் காட்டியது. டிராம்போனை மிக ஓங்கி ஊதும்போது குழலுக்குள் ஓடும் அழுத்த அலை பெரிதாகிறது. அலையின் மேட்டில் காற்று நெருங்கிச் சற்றுச் சூடாகும், ஓட்டத்தின் திசையிலேயே நகரும். அதனால் மேடு பள்ளத்தைவிட விரைந்து ஓடும். கடற்கரையில் அலையின் தலை முந்திக்கொண்டு செங்குத்தாக எழுவதைப் பார்த்திருப்போம். அதுபோலக் குழலின் நீளத்தில் அலையின் முகப்பு செங்குத்தாகிக்கொண்டே போய், மணியை அடையும்போது அதிர்ச்சி அலையாகவே மாறிவிடும். ஜெட் விமானம் ஒலியை மிஞ்சும்போது பிறக்கும் அதே வகை அலை. பிராஸின் அந்தத் தகதகப்பு இங்கேதான் பிறக்கிறது. யூஃபோனியத்தின் குழலும் டிராம்போன் அளவுக்கு நீளம்தான், சுருதியும் அதுவே. ஆனால் அதன் குழல் தொடக்கத்திலிருந்தே கூம்பாக விரிந்துகொண்டு போவதால் அலையின் அழுத்தம் வழியிலேயே தளர்ந்துவிடும்; முகப்பு செங்குத்தாக நேரமில்லை. அதன் குரல் மென்மையாக இருப்பது அதனால்தான். டிரம்பெட்டுக்கும் புளூகல் ஹார்னுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

ஆகவே உரத்த பகுதியை உரக்கத்தான் வாசிக்க வேண்டும். 1995இல் யமஹா கொண்டுவந்த சைலன்ட் பிராஸ் போன்ற, உள்ளேயே மைக் வைத்த அடைப்பான்கள் பயிற்சிக்கு மிக நல்லவை. பதிவுக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மணி வழியாக ஒலி பரவும் விதத்தையே அடைப்பான் மாற்றிவிடுகிறது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டு ஞாயிறு காலை பதினொரு மணி முதல் ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டேன். ஓங்கிய பகுதிகள் அப்போது மட்டும். உதடு களைப்பதற்குள் மேல்ஸ்தாயிப் பகுதிகளை முடித்துவிட வேண்டும். பெரிய வாய்ப்பகுதி கொண்ட கருவிகளுக்கு அதன் பிறகு நேரம் இருக்கிறது. மற்ற நாட்களில், தனியிசைக்குக் கீழே மெல்ல நீளும் சேர்க்கைகளை மட்டும் பதிந்தேன். மெட்டை அந்த வசதிக்கு ஏற்ப எழுதிக்கொள்வதும் ஒரு கலை என்றே சொல்வேன்.

இனி, அறை. என் அறையின் அகலம் 3 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலை அலை 57 ஹெர்ட்ஸில் உண்டாகும். அதன் மடங்குகளாக 114, 172 ஹெர்ட்ஸிலும். டிராம்போனின் கீழ் ‘பி பிளாட்’ 116.5 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள ‘எஃப்’ 174.6. இரண்டும் பிராஸ் இசையில் திரும்பத் திரும்ப வரும் சுரங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே மைக்கில் எல்லாவற்றையும் பதிந்தபோது, அந்த இரண்டு சுரங்கள் வரும்போதெல்லாம் இசை திடீரென்று வீங்கியது. ஒவ்வொரு பகுதிக்கும் நிற்கும் இடத்தையும் மைக்கையும் மாற்றியபின், ஒன்றில் மேடாக இருந்தது இன்னொன்றில் பள்ளமாகி வீக்கம் வடிந்தது. டிரம்பெட்டின் உயர்ந்த மேற்சுரங்கள் மணியின் நேர் திசையில் கற்றையாகப் போகும், கீழ்ச்சுரங்கள் எல்லாப் பக்கமும் பரவும். ஆகவே மைக்கை நேரே வைத்தால் கூர்மை, பக்கவாட்டில் வைத்தால் மென்மை. முன்வரிசையில் இருப்பவருக்கு நேரே, பின்வரிசைக்காரருக்கு மணியைத் துணி அலமாரிப் பக்கம் திருப்பி, மைக் இரண்டு மீட்டர் தள்ளி.

கருவியின் பிழையும் அறையின் வீக்கத்தைப் போல ஒரே திசையில் குவியும். டிரம்பெட்டில் முதல் வால்வு குழலின் நீளத்தை 12.2 சதவீதம் கூட்டி இரண்டு அரைச்சுரம் இறக்கும், மூன்றாவது 18.9 சதவீதம் கூட்டி மூன்று அரைச்சுரம் இறக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஐந்து அரைச்சுரம் இறங்க வேண்டும். அதற்கு வேண்டியது 33.5 சதவீதம். கிடைப்பதோ 31.1. நீளம் குறைவு, சுருதி கூடுதல். மூன்றாவது வால்வின் குழலை விரலால் நீட்டி ஒவ்வொரு முறையும் ஈடுகட்ட வேண்டும். ஒரே டிரம்பெட்டில் மூன்று பகுதிகள் வாசித்தால் மூன்றிலும் அதே சுரத்தில் அதே ஏற்றம் வந்து நிற்கும். ஒரு பகுதியையாவது புளூகல் ஹார்னுக்கு மாற்றினால், அல்லது வாய்ப்பகுதியை மாற்றினால் கூட, பழக்கம் சற்றுக் கலையும். இரைச்சலும் அடுக்கடுக்காக ஏறும்: ஐந்து பதிவுகளின் இரைச்சல் சேர்ந்தால் 7 டெசிபல் கூடும். ஆகவே வாசிக்காத இடங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டும். ஒரு பதிவில் புகுந்த குக்கர் விசிலும் அப்படித்தான் போனது.

வெட்டும்போது கைதவறி அதிகமாக வெட்டிவிட்டேன். தனியிசையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கேட்ட மூச்சிழுப்புகளையும் இரைச்சல் என்று நினைத்து நீக்கியிருந்தேன். அதன் பிறகு எந்தப் பகுதியைப் பதிந்தாலும் வரிகளின் தொடக்கம் ஒட்டவே இல்லை. தாளம் சொல்லும் கருவி இல்லாத இசையில், அடுத்த சுரம் எப்போது விழும் என்பதற்கு வேறு அடையாளமே கிடையாது. மேடையில் பக்கத்தில் இருப்பவர் மூச்சிழுப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். அந்த மூச்சு எவ்வளவு நீளமோ, அதிலேயே வரப்போகும் வரியின் வேகமும் இருக்கும். பழைய பதிவைத் தேடி எடுத்து, மூச்சுகளை அந்தந்த இடத்தில் திரும்ப வைத்தேன். ஹெட்போனில் அதைக் கேட்டு, அதே நேரத்தில் நானும் மூச்சை இழுத்து, புளூகல் ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம் என்று ஒவ்வொன்றாக மறுபடி பதிந்தேன். இப்போது முதல் சுரத்துக்கு முன்னால் ஐந்து மூச்சுகள் ஒன்றாகக் கேட்கின்றன. கடைசி மிக்ஸிங்கிலும் அவற்றை எடுக்கவில்லை.